எந்த ரோட்டில் வருவார்கள்?

ஒஃபீலியா பாரியெண்டோஸ் மூன்றாவது தடவையாகத் தன் காரைப் பனிக்குள்ளிருந்து தோண்டி எடுத்துக்கொண்டிருந்தாள். படுக்கப் போகுமுன் ஒரு தடவை தோண்டினாள். விடியுமுன் எழுந்து வந்து ஒரு தடவை. அதை முடித்து, நனைந்துபோன கையுறையை மாற்ற வீட்டுக்குள் போய் வருவதற்குள் நகராட்சியின் பனி வாரும் லாரி தெருவோடு கடகடத்துப் போய், நடுத்தெருவில் கிடந்ததை எல்லாம் வழித்து அவள் கார்மேல் சாத்திவிட்டிருந்தது.

வானத்திலிருந்து விழும் பனி பஞ்சு மாதிரி. லாரி தள்ளிவிட்டுப் போகும் பனி அப்படியில்லை. உப்பும் சேறும் கலந்து சாம்பல் நிறத்தில் இறுகிக் கிடக்கும். பனி தோண்டும் வாரியை ஓங்கிக் குத்தினால் கையைத் திருப்பி அடிக்கும். சலவையாலையில் நாள் முழுக்க ஈர விரிப்புகளை இழுத்து இழுத்து வீங்கிய மணிக்கட்டு ஒவ்வொரு குத்துக்கும் சுரீரென்றது. ஏரிப்பக்கமிருந்து வந்த காற்று தாவணி போல முகத்தில் சுற்றியிருந்த துணியைத் துளைத்துக்கொண்டு பல்லைத் தொட்டது. இமை மயிர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஒட்டிய கண்ணை முழங்கையால் தேய்த்துவிட்டு மறுபடி குத்தினாள்.

"தேவையில்லாமல் யாரும் சாலைக்கு வர வேண்டாம்" என்று வானொலி நேற்று மாலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது. பள்ளிகள் மூடியாயிற்று. நீதிமன்றங்கள் மூடியாயிற்று. ஓல்டர்மன் சலவையாலையிலிருந்து மட்டும் எல்லாருடைய கைபேசிக்கும் ஒரு செய்தி வந்திருந்தது. ஆலை வழக்கம்போல் இயங்கும். தாமதங்கள் வழக்கம்போல் பதியப்படும்.

சிகாகோவின் தெற்கிலும் மேற்கிலும் குடியிருப்பவர்களுக்கு ஆலை நகரத்தின் மறுகோடியில், விமான நிலையத்தையும் தாண்டி இருந்தது. போன குளிர்காலம்வரை கம்பெனி வேன் ஒன்று சிசரோ சாலை நெடுக ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். சிப்ரியானோ ஓட்டினார். வயதுக்கு மரியாதையாகத் தோன் சிப்ரியானோ என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். பனியில் வண்டி ஓட்டுவதில் அவருக்கு நிகர் அவர்தான். செலவைக் குறைக்கிறேன் என்று முதலாளி வேனை விற்றார். சிப்ரியானோவைச் சலவை இயந்திரத்துக்கு மாற்றினார். அன்றிலிருந்து கார் வைத்திருக்கும் நாலைந்து பேர் மற்றவர்களை அள்ளிப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். அவர்களில் ஒஃபீலியாவும் ஒருத்தி. இந்த மாதம் அவள் பேரில் தாமதப் புள்ளிகள் விளிம்புவரை ஏறியிருந்தன. இன்னும் ஒன்று விழுந்தால் வேலை போகும்.

கார் வெளியே வந்தது. சாவியைத் திருப்பினாள். என்ஜின் இருமியது, முனகியது, செத்தது. "அடப் பாவி வண்டியே!" என்று ஸ்டியரிங் வளையத்தை அறைந்தாள். அடுத்த திருப்பலில் உயிர் வந்தது.

டார்னெட்டாவின் வீட்டு முனையில் கார் நின்றபோது அவள் பனிச்சுவரின்மேல் ஏறி உட்கார்ந்து சறுக்கி இறங்கினாள். ஐம்பதைத் தாண்டிய கறுப்பினப் பெண். மடிப்பு மேசையில் அவளை மிஞ்ச ஆளில்லை, வாயிலும்தான்.

"வாழ்க்கையில இதுதான் பாக்கியா இருந்துச்சு," என்றாள், பின்பக்கம் ஒட்டிய பனியைத் தட்டியபடி. "சறுக்குமரம் விளையாடிட்டு வேலைக்குப் போறேன். ஹீட்டரை ஏத்து கண்ணு."

"ஏத்தினா கண்ணாடி மூடிக்குது. இறக்கினா கால் மரத்துப்போகுது. எது வேணும் சொல்லு."

"வேற வேலை வேணும்."

அடுத்து போகுமிலா ஏறினாள். போலந்துக்காரி, அறுபதை நெருங்குகிறவள். நீளக் கோட்டைச் சுருட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்து, பேசாமல் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். ஒஃபீலியா சோளமாவை இலையில் சுற்றி அவித்த சூடான தமாலே ஒன்றைப் பின்னுக்கு நீட்டினாள். போகுமிலா அதைத் தின்னவில்லை. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள்.

கென்னடி விரைவுச்சாலையில் ஏறிய பிறகு வேகம் என்பதே இல்லை. கோடுகள் மறைந்துவிட்டன. முன்னால் போகிறவன் போட்ட தடத்தில் பின்னால் வருகிறவன் ஊர்ந்தான். கண்ணாடித் துடைப்பான் பனிக்கட்டியை இழுத்து இழுத்துக் கீச்சிட்டது. கழுவும் நீர் குழாயிலேயே உறைந்துவிட்டது. ஒஃபீலியா அடிக்கொரு தரம் சன்னலை இறக்கி, கையை வெளியே நீட்டி, துடைப்பானைப் பிடித்துக் கண்ணாடியில் அடித்து விடுவாள். அந்தச் சிறு இடைவெளியில் உள்ளே நுழையும் காற்று மூன்று பேரையும் ஊசியால் தைத்துவிட்டுப் போகும்.

"பெரிய லாரிக்காரன் பக்கத்துல போகாதே," என்றாள் டார்னெட்டா.

"நானா போறேன்? அவன்தான் என் மடியில வந்து உக்காரப் பாக்கறான்."

வலது ஓரத்தில், தடுப்புக் கம்பியில் மூக்கை நுழைத்தபடி ஒரு வண்டி நின்றது. பின்விளக்குகள் மினுக்கு மினுக்கென்று எரிந்துகொண்டிருந்தன. அதன்மேல் பனி மூடத் தொடங்கியிருந்தது. முன்னால் போன கார்கள் எதுவும் நிற்கவில்லை. ஒஃபீலியாவும் நிற்கவில்லை. நின்றால் மறுபடி தடத்துக்குள் நுழைய முடியாது. யாராவது போலீசுக்குச் சொல்லியிருப்பார்கள்.

கடக்கும்போது டார்னெட்டாவின் கண் அதன் பின்பக்கத்தில் நின்றது. கடந்த பிறகும் கழுத்தைத் திருப்பிப் பின் கண்ணாடி வழியாக வெகுநேரம் பார்த்தாள்.

"ஒஃபீலியா. அது சிவப்பு வண்டி."

"ஊர்ல ஆயிரம் சிவப்பு வண்டி இருக்கு."

"பின்னாடி மாதா படம் ஒட்டியிருக்கு. பக்கத்துல பச்சைக் கயித்துல வாரி கட்டியிருக்கு. அது தோன் சிப்ரியானோ வண்டி."

துடைப்பான் கீச்சிட்டது.

"ஆம்புலன்சுக்குப் போன் பண்ணுங்க," என்றாள் போகுமிலா. "நாம போய் என்ன செய்யப் போறோம்? நாம டாக்டரா?"

"ஆம்புலன்ஸ் இந்த ரோட்டுல எப்ப வந்து சேரும்?" என்றபடியே டார்னெட்டா எண்களை அழுத்தினாள். காத்திருக்கச் சொல்லி ஒரு குரல் பாட்டுப் போட்டது.

"நின்னா நாம தாமதம்," என்றாள் போகுமிலா. குரல் கடுகடுத்தது. "எனக்கு இன்னும் கொஞ்சநாள்தான் பென்ஷனுக்கு. ஒஃபீலியாவுக்கு இது கடைசிப் புள்ளி. தெரியுமில்ல? அவ பொண்ணு காலேஜ்ல படிக்கறா. உணர்ச்சிவசப்பட்டு எதையாவது பண்ணிட்டு நாளைக்கு எல்லாரும் தெருவுல நிக்கணுமா?"

ஒஃபீலியா மனதுக்குள் கணக்குப் போட்டாள். திரும்பிப் போவது என்றால் சும்மா இல்லை. அடுத்த இறக்கத்தில் இறங்கி, எதிர்ப்பக்கம் ஏறி, பின்னால் போய் இறங்கி, மறுபடி இந்தப் பக்கம் ஏறி வர வேண்டும். போகுமிலா சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது. சொன்னவள்மேல் இல்லை. ஓரத்தில் கிடக்கும் மனிதனைப் பார்த்ததும் முதலில் கடிகாரத்தைப் பார்த்த தன் கண்மேல் அவளுக்கு ஆத்திரம் வந்தது. அந்தக் கண்ணை இப்படிப் பழக்கி வைத்தவன்மேல் அதைவிட ஆத்திரம் வந்தது.

இறக்கத்தின் பலகை பனிக்குள்ளிருந்து எழுந்தது. அவள் விளக்கைப் போட்டு வலப்பக்கம் ஒடித்தாள்.

"மரியாதையாச் சொல்றேன் போகுமிலா, இப்ப எதுவும் பேசாதீங்க," என்றாள்.

சிப்ரியானோவின் வண்டிக்குப் பின்னால் காரை நிறுத்தி இறங்கியபோது காற்று கதவைப் பிடுங்கப் பார்த்தது. அவர் பக்கத்துக் கண்ணாடி உடைந்து போயிருந்தது. உள்ளே மடியில், தோளில், மீசையில் பனி. முன்பக்கம் உள்ளே நசுங்கி, அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே கவ்விக்கொண்டிருந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. கண் திறந்திருந்தது.

ஒஃபீலியாவைப் பார்த்ததும் அவர் கேட்டார்: "மணி என்னம்மா ஆச்சு?"

"மணி கெடக்கட்டும் தோன் சிப்ரியானோ. கால் எப்படி இருக்கு?"

"கால் இருக்கறதாவே தெரியல. அவங்களுக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லிடு. வந்துட்டே இருக்கேன்னு சொல்லு."

டார்னெட்டா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அப்போது போகுமிலா ஒன்று செய்தாள். இருவரையும் விலக்கிவிட்டு மறுபக்கக் கதவை உதைத்து இழுத்துத் திறந்து உள்ளே ஏறினாள். தன் நீளக் கோட்டைக் கழற்றி அவர்மேல் போர்த்தினாள். அவர் கைகளை எடுத்துத் தன் கம்பளிச் சட்டைக்குள், அக்குளில் இடுக்கிக்கொண்டாள். "தூங்காதீங்க," என்று அதட்டினாள். "தூங்கினா அடிப்பேன். வேன்ல என்னை எத்தனை நாள் முனையில நிக்க வச்சிட்டுப் போயிருக்கீங்க, அதைப் பத்திப் பேசலாம்."

"நீ லேட்டா வருவே," என்று முனகினார் சிப்ரியானோ.

"நீங்க சீக்கிரம் வருவீங்க!"

அவருடைய கைபேசி கீழே தரையில் எங்கோ ஒலித்தது. ஒஃபீலியா துழாவி எடுத்தாள். முதலாளி ஓல்டர்மனே பேசினார்.

"சிப்ரியானோ, எங்கப்பா இருக்கே? முதல் இயந்திரம் சும்மா நிக்குது."

"கென்னடி ரோட்டுல விபத்து சார். வண்டி நசுங்கிடுச்சு. அவர் கால் உள்ள மாட்டியிருக்கு."

"கடவுளே. ஆம்புலன்ஸ் சொல்லியாச்சா?"

"டார்னெட்டாவுக்கு லைன் கெடைச்சு, சொல்லிட்டா. இன்னும் வரல."

"நல்லது, நல்லது. ஆமா, நீ யாரு? ஒஃபீலியாவா?" குரல் மாறியது. "நீயும் இன்னும் வரலையா?"

அவள் கைபேசியை அணைத்துப் பைக்குள் போட்டாள். அந்தக் குளிரிலும் உடம்பு முழுக்கக் கொதித்தது.

தீயணைப்பு வண்டி வந்து தகட்டை அறுத்து அவரை வெளியே எடுக்கும்வரை மூவரும் அங்கேயே இருந்தார்கள். தூக்கும்போது அவர் ஒரே ஒரு தரம் கத்தினார். அந்தக் கத்தலைக் காற்று உடனே தின்றுவிட்டது. போகுமிலாவின் கோட்டும் அவரோடு ஆம்புலன்சில் போயிற்று.

மறுபடி ஆலைக்குக் கிளம்பினார்கள். போகுமிலா காரில் கிடந்த பழைய போர்வையைச் சுற்றிக்கொண்டு, "என் பக்கம் ஹீட்டரைத் திருப்புடி," என்றாள்.

ஆலைக்குள் நுழைந்தால் நீராவியும் வெளுப்பு மருந்தின் காரமும் முகத்தில் அறையும். வெளியே எலும்பு உறையும், உள்ளே சட்டை நனையும். ஆஸ்பத்திரி விரிப்புகள் பெரிய இஸ்திரி உருளைகளுக்குள் போய் வெந்து வந்துகொண்டிருந்தன. பாதிப் பேர்தான் வந்திருந்தார்கள். வாசலிலேயே ஓல்டர்மன் நின்றார். முழங்கை வரை மடித்த சட்டை. அவர் வீடு ஆலையிலிருந்து கூப்பிடு தூரம்.

"சிப்ரியானோவுக்கு நடந்தது ரொம்ப வருத்தம்," என்றார். "நல்ல மனுஷன். பூங்கொத்து அனுப்பச் சொல்லியிருக்கேன். டார்னெட்டா, மடிப்புக்குப் போ. போகுமிலா, உருளைக்கு. மூணு ஆஸ்பத்திரி லாரி காத்திருக்கு. ஒஃபீலியா, நீ மட்டும் உன் அட்டையைக் குடுத்துட்டுப் போ."

"எந்த அட்டை?"

"வேலை அட்டை. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். உனக்காக மாத்தினா நாளைக்கு எல்லாருக்கும் மாத்தணும்."

"உங்க ஆள் ஒருத்தர் ரோட்டுல உறைஞ்சிட்டிருந்தார் சார். அதைப் பாத்துட்டு நான் வந்திருக்கணுமா?"

"நான் அப்படிச் சொல்லலையே. நீ செஞ்சது நல்ல காரியம். ஆனா ரோடு என் ஆலை இல்ல. நீங்க எப்படி வர்றீங்க, எதுல வர்றீங்கங்கறது உங்க சொந்த விஷயம். என் கணக்கு இந்த வாசல்லதான் ஆரம்பிக்குது."

டார்னெட்டா குறுக்கிட்டாள். "அப்ப சாயங்காலம் எங்களை யாரு வீட்டுல கொண்டுபோய் விடுவாங்க?"

"அதான் சொன்னேனே. அது உங்க சொந்த விஷயம்."

ஒஃபீலியா அவரையே பார்த்தாள். எத்தனையோ மாதமாகப் பேர் தெரியாமல் அவளுக்குள் கிடந்ததற்கு அந்த மனிதரே பேர் வைத்துக் கொடுத்துவிட்டார்.

"ரொம்பச் சரி சார்," என்றாள் நிதானமாக. "எப்படி வர்றதுங்கறது எங்க விஷயம்னா, வர்றதா வேண்டாமாங்கறதும் எங்க விஷயம்தான்."

அவர் தடுக்குமுன் அவரைச் சுற்றிக்கொண்டு வேலைத்தளத்துக்குள் நடந்தாள். இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்தினாள். அவளுக்கு மேடைப் பேச்சு தெரியாது. சொன்னதெல்லாம் நடந்ததுதான். தோன் சிப்ரியானோ கம்பியில் மோதிக் கிடந்தார். கால் போகுமோ இருக்குமோ தெரியாது. எங்களைப் பார்த்ததும் மணி என்ன என்று கேட்டார். வந்துகொண்டே இருக்கிறேன் என்று சொல்லச் சொன்னார்.

அங்கே இருந்தவர்களுக்கு அதுவரை எதுவும் தெரியாது. உருளையிலிருந்து வந்த விரிப்பை வாங்கக் கை நீட்டியவள் நீட்டியபடி நின்றாள். விரிப்பு தரையில் விழுந்து குவிந்தது.

"இன்னைக்கு அவர். நாளைக்கு என் வண்டி, அப்புறம் உங்க வண்டி," என்றாள் ஒஃபீலியா. "நான் வெளியில போய் கார்ல உக்காரப்போறேன். ஹீட்டர் பாதிதான் வேலை செய்யும். வர்றவங்க வரலாம்."

அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பின்னால் காலடிச் சத்தம் கேட்கவில்லை. வாசற்கதவைத் தள்ளினாள். தனியாகப் போய் உட்கார்ந்துவிட்டு, தனியாக வீட்டுக்குப் போக வேண்டியதுதான் போல. முற்றத்தைப் பாதி கடந்தபோது திடீரென்று என்னவோ குறைந்ததுபோல் இருந்தது. நின்று கவனித்தாள். ஆலைச் சுவருக்குள்ளிருந்து இரவும் பகலும் வரும் நீராவியின் சீற்றம் நின்றிருந்தது.

பாய்லர் பார்க்கும் மிர்சாத் முதலில் வந்தான். போஸ்னியாவிலிருந்து வந்தவன், வாய் திறக்கவே கூலி கேட்பவன். "அடுப்பை முறையா அணைச்சிட்டுத்தான் வந்தேன்," என்றான். "என் வண்டியில ஆறு பேர் வர்றாங்க. ஒரு நாள் நானும் அந்தக் கம்பியில போய் மோதியிருப்பேன்." அவனுக்குப் பின்னால் டார்னெட்டா. போர்வையோடு போகுமிலா. அப்புறம் இரண்டு பேர், நாலு பேர் என்று கதவு திறந்து திறந்து மூடியது. எல்லாரும் வரவில்லை. சிலர் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு உள்ளேயே நின்றார்கள்.

வெளியே வந்தவர்கள் ஏறிக்கொள்ள, கார்கள் வரிசையாக உறுமின. கொஞ்ச நேரத்தில் ஓல்டர்மன் கோட்டுகூடப் போடாமல் ஓடி வந்து ஒஃபீலியாவின் கண்ணாடியைத் தட்டினார்.

"ஆஸ்பத்திரியில நோயாளிங்க விரிப்பு இல்லாமக் கெடக்கணுமா? உங்களுக்கு மனசாட்சி இல்லையா?"

"தோன் சிப்ரியானோவும் இப்ப அந்த விரிப்புலதான் படுத்திருக்கார்," என்றாள் போகுமிலா பின்சீட்டிலிருந்து. "நான் துவைச்ச விரிப்பு. என் மனசாட்சி அவர்கிட்ட இருக்கு, என் கோட்டோட."

"சரி, என்னதான் வேணும் உங்களுக்கு?"

ஒஃபீலியா சொன்னாள்: வேன் திரும்ப ஓட வேண்டும். புயல் நாளில் புள்ளி போடக் கூடாது. சிப்ரியானோ எழுந்து நடக்கும்வரை அவர் வேலை அவருக்கே இருக்க வேண்டும்.

"ஒரு போன் போட்டா ஆள் அனுப்பற ஏஜென்சியிலிருந்து நாப்பது பேர் வந்து நிப்பாங்க, தெரியுமா?"

டார்னெட்டா வாய்விட்டுச் சிரித்தாள். "போடுங்க சார், தாராளமாப் போடுங்க. எந்த ரோட்டுல வருவாங்க?"

அவர் வானத்தைப் பார்த்தார். பனி இன்னும் சாய்ந்து சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒஃபீலியா, நீ மட்டும் உள்ள வா. உன் விஷயத்தை நாம பேசி முடிச்சுக்கலாம். உன் புள்ளியை நான் பாத்துக்கறேன்."

ஒஃபீலியாவின் மனதில் மகளின் முகம் வந்து போயிற்று. கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தாள். போகுமிலா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்தா எல்லாரும் வர்றோம் சார்," என்றாள். "இல்லேன்னா நீங்க இங்க வாங்க. உக்கார இடம் பண்ணித் தர்றோம்."

அவர் போய்விட்டார். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் யாரிடமோ போனில் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவது தெரிந்தது. என்ன முடிவு செய்வார், போலீசைக் கூப்பிடுவாரா, எல்லாருடைய அட்டையையும் கேட்பாரா என்று யாருக்கும் தெரியவில்லை. சிப்ரியானோவை அறுவைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது. அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை.

மிர்சாத் காருக்குக் கார் போய்க் குனிந்து பேசிக்கொண்டு வந்தான். "எல்லா வண்டியும் ஒரே சமயத்துல ஓடினா மத்தியானத்துக்குள்ள பெட்ரோல் தீந்துடும். ஒண்ணு மட்டும் ஓடட்டும். எல்லாரும் அதுல நெருக்கிக்கலாம், முடியாதவங்க பக்கத்து வண்டியில போர்வையோட. மாத்தி மாத்திப் போட்டா ராத்திரி வரைக்கும் தாங்கும். முதல்ல என்னோடது."

அப்போது ஆலைக் கதவு மறுபடி திறந்தது. உள்ளேயே நின்றுவிட்டவர்களில் அழுக்குத்துணி பிரிக்கும் மூன்று பெண்கள், மெல்லிய சீருடையோடு, தோளைக் குறுக்கிக்கொண்டு பனியில் ஓடி வந்தார்கள்.

"இடம் எங்கடி இருக்கு?" என்று அலறினாள் டார்னெட்டா, ஏற்கெனவே மிர்சாத்தின் வண்டியில் மடிமேல் போகுமிலாவை வைத்துக்கொண்டு. "சரி சரி, வாங்க. மூச்சை உள்ள இழுத்துக்கங்க எல்லாரும்."

ஒஃபீலியா சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தாள். கண்ணாடியின் ஓரங்களில் பனி பூக்கத் தொடங்கியது. கதவைத் திறந்து இறங்கி, முழங்கால் ஆழத்தில் கால் புதைய, அந்த ஒரே ஒரு ஓடும் வண்டியை நோக்கி நடந்தாள். அதன் கதவு அவளுக்காகத் திறந்தே இருந்தது. உள்ளிருந்து யாருடையதோ ஒரு கை நீண்டு அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தது.